துப்ப முடியாத ரசம்

அருள்பிரகாசம் சொன்ன பொய் ஒரே ஒரு சொல். ஒரு காலத்தில் நாளெல்லாம் பொய் சொல்லிப் பிழைத்தவருக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தப் பிழைப்பை விட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. நெடுநாள் தொடாத மூட்டையைத் திடீரென்று தூக்கியவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதைப்போல, அந்தச் சொல் அவருக்குள் எங்கேயோ பிடித்துக்கொண்டு நின்றது.

2008 ஜூன் மாதம். ராயபுரம் கல்மண்டபத்துக்கு வடக்கே, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியிலிருந்த ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசை முடிந்திருந்தது. புதிதாக வந்திருந்த சாமியார் பூசை உடுப்பைக் கழற்றாமலே பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குள் வந்தார். முகம் சுளித்தபடி இருந்தது.

"திராட்சை ரசம் புளிச்சுப் போயிருக்கே, பிரகாசம். குப்பியில ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு துளி வாயில வெச்சுப் பாக்கலையா?"

"பார்த்தேன், ஃபாதர்."

"அப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"நிறம் நல்லாதான் இருந்துச்சு, ஃபாதர்."

சாமியார் உடுப்பைக் கழற்றி மாட்டினார். அருள்பிரகாசம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் எப்போதும்போல்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். அந்த மூக்கால் பெரிய பயனில்லை. துறைமுகத்தில் கலாசியாக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் கப்பல் கப்பலாகக் கந்தகம் இறக்கிய மூக்கு அது. வீட்டில் கருவாடு தீய்ந்தால்கூட மனைவி அடைக்கலமேரி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

உண்மை என்னவென்றால், அவர் அந்த ரசத்தை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலையில் தன் கையால் ஊற்றியதன் ருசி இனிப்பா, துவர்ப்பா என்று அவருக்குத் தெரியாது.

கோயில்பிள்ளை என்று அவர் வேலைக்குப் பெயர். விடியுமுன் வந்து மணி அடிப்பார், மெழுகுவத்தி ஏற்றுவார், அன்றைய உடுப்பை எடுத்து வைப்பார், ஒரு குப்பியில் தண்ணீரும் ஒரு குப்பியில் திராட்சை ரசமும் ஊற்றி வைப்பார். எல்லாவற்றையும்விட அவர் கருத்தாகச் செய்தது துணி அலசுவதுதான். பூசையின் கடைசியில் சாமியார் கிண்ணத்தைத் துடைக்கும் வெள்ளைத் துணியில் ரசம் லேசாக ஒட்டியிருக்கும். பீடத்தில் மந்திரம் சொன்னபிறகு அது ரசமில்லை, ஆண்டவருடைய இரத்தம் என்பது அவர்கள் விசுவாசம். அதனால் அந்தத் துணியை அலசிய முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணில் ஊற்ற வேண்டும், அதுவும் யாரும் மிதிக்காத மண்ணில். கோயிலின் பின்சுவரோரம் இருந்த அரளிச்செடிக்கு அந்தத் தண்ணீர்தான். ஊற்றியபிறகு தட்டைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை நிற்பார்.

மந்திரம் சொல்லாத ரசம் வெறும் ரசம். அது கொட்டினால் தரையைத் துடைத்துவிட்டுப் போகலாம். இந்த வேறுபாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்தது தலைக்கு மட்டும்தான். கை இரண்டையும் ஒரே மாதிரிதான் தொட்டது. ஒரு வேலையைப் பல வருஷம் செய்கிறவனுக்கு, தலை ஒன்றைப் புரிந்துகொள்வதும் உடம்பு அதை ஒப்புக்கொள்வதும் வேறு வேறு காரியங்கள்.

அவருக்கு இந்த வேலை கிடைத்த விதம் ராயபுரத்தில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் குடிப்பதற்காக நாளெல்லாம் பொய் சொல்லித் திரிந்தவர் அவர். 1989இல் மகள் ஜானட்டுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் போட்டு, கையில் மெழுகுவத்தி பிடித்து, பதினாறு பெண் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குள் போகும்போது, அருள்பிரகாசம் வாசற்படியில் குடித்துவிட்டுக் கிடந்தார். தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போவதைப்போல வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஜானட்டும் சுற்றிக்கொண்டுதான் போனாள். மறுநாள் அப்போதைய பங்குச் சாமியார் ராசையா அவரைக் கூப்பிட்டனுப்பினார். புத்தி சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனவரிடம் ஒரு தட்டும் நாலு துணியும் கொடுத்து, "அலசத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று பீடத்துக்கு முன்னால், அடைக்கலமேரி பக்கத்தில் நிற்க, அருள்பிரகாசம் சத்தியம் செய்தார். இனி ஒரு சொட்டு நாக்கில் படாது.

படவில்லை. இதைச் சாதனை என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும். முதல் மூன்று வருஷம்தான் கஷ்டம். அப்புறம் அது பாராட்டவும் வருந்தவும் ஒன்றுமில்லாத வெறும் வழக்கமாகிவிட்டது. ராசையா சாமி இறந்துபோனார். அப்புறம் வந்த சாமியார்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. கோயில்பிள்ளை என்றால் ரசத்தைப் பற்றித் தெரிந்தவர் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நினைப்பில்தான் புதுச் சாமியார் இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டார். இத்தனை நாள் ரசம் அனுப்பிக்கொண்டிருந்த மடத்தில் பிழிந்து வைக்கிற பிரதர்களுக்கு வயதாகிவிட்டதாம், இனி அனுப்புவதற்கில்லை என்று கடிதம் வந்திருக்கிறதாம். பக்கத்துப் பங்குக் கோயில்கள் நாலும் சேர்ந்து வேறு இடம் பார்ப்பதாக முடிவு.

"கம்பம் பக்கம் ரெண்டு இடம் சொல்றாங்க. நேரா போய், பாத்து, ருசி பாத்து, எது நல்லதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். ஃப்ரெடி கூட வரேன்னார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ருசி தெரியாது ஃபாதர், அன்றைக்கு நான் பார்க்கவில்லை ஃபாதர் என்று. ஆனால் முதல் பொய் தனியாக வருவதில்லை. அதற்கு மரியாதை கொடுக்கும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. "சரி, ஃபாதர்" என்றார்.

அடைக்கலமேரி அன்று இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து வந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ வாயில வெக்காதே. அந்த ஃப்ரெடி எதுக்குக் கீறான்? அவன் குடிச்சுப் பாக்கட்டும், நீ மூஞ்சிய பாத்துச் சொல்லு."

"அவனுக்கு எத்த குடுத்தாலும் ஒரே மூஞ்சிதான்."

"அப்ப துணிய எடுத்துகினு போ. அத்த அலசிப் பாரு. உனக்கு அதானே தெரியும்."

அதில் நியாயம் இருந்தது. நல்ல ரசத்தின் கறை தண்ணீர் பட்டதும் கருநீலமாகி, இரண்டாவது அலசலில் விட்டுவிடும். சாயம் சேர்த்தது விடாது. சர்க்கரை கூடினால் துணி காய்ந்தபின் விறைத்துக்கொள்ளும். இவையெல்லாம் அவர் கை கற்றுக்கொண்டவை. புளித்துப்போனதை மட்டும் துணி சொல்லாது. அதனால்தான் இவ்வளவும்.

ஃப்ரெடி துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசாமல் இருக்கத் தெரியாது. கோயம்பேட்டில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எதிர்வூட்டுக்காரி கேக்கறா மாமு, இன்னா அண்ணே பொட்டிய தூக்கினு எங்க போறேன்னு. ரசம் வாங்கப் போறேன்னேன். மொளகு ரசமா, தக்காளி ரசமான்றா. அத்துக்கு ஏன்ண்ணே கம்பத்துக்குப் போறே, எங்க வூட்ல கீது, ஒரு சொம்பு எட்த்துகினு போன்றா."

அருள்பிரகாசம் சிரித்தார். அதன்பிறகு மதுரை வரைக்கும் சிரிக்கவில்லை. மூட்டு மூட்டாக உடம்பு நொந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போவது எந்த நல்ல காரியத்துக்காக என்றாலும் தண்டனைதான்.

மறுநாள் காலை கம்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே பந்தல் போட்டுத் திராட்சை படர்ந்திருந்தது. பந்தலின் கீழே வெயில் பச்சையாக விழுந்தது. கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம் தொங்கியது. பன்னீர்த் திராட்சை என்றார் ஆட்டோக்காரர். தூரத்தில் மலை. எல்லாரும் அழகு என்று சொல்லக்கூடிய இடம்தான். அருள்பிரகாசத்துக்கு இருந்த அசதியில் அது ஒரு காலண்டர் படத்தைப்போலத் தெரிந்தது. பார்த்தார், அவ்வளவுதான்.

முதல் இடம் புதுத் தொழிற்சாலை. தேக்கடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்க்க வசதியாகச் சாலையோரம் கண்ணாடி அறை ஒன்று கட்டியிருந்தார்கள். உள்ளே குளிர்ச்சாதனம். நீள மேஜையில் காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. இவர்களோடு கேரளாவிலிருந்து வந்த இரண்டு தம்பதிகளும் இருந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய தாமோதரன் என்ற இளைஞன் ஒவ்வொன்றாக ஊற்றி விளக்கம் சொன்னான். கிண்ணத்தைச் சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், சிறிது வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும், பிறகு ஓரத்திலிருந்த வெள்ளிநிற வாளியில் துப்பிவிடலாம்.

"துப்பறதா?" என்றார் ஃப்ரெடி. "இன்னாத்துக்கு நைனா துப்பணும்? நல்லாதானே கீது?"

"குடிக்கலாம் சார். நிறைய வகை பாக்கணும்கிறவங்க துப்புவாங்க. இதுல லேசா மர வாசனை வருதா பாருங்க, சார்."

ஃப்ரெடி கண்ணை மூடிக்கொண்டார். "வருது. பர்மா தேக்கு."

"ஓக் மரம்ங்க சார்."

"நான் முப்பது வர்ஷம் ஹார்பர்ல மரம் எண்ணினவன். இது பர்மா தேக்கு."

தாமோதரன் மரியாதையாகச் சிரித்து அடுத்ததை ஊற்றினான். அதற்குள் அருள்பிரகாசம் பையிலிருந்து வெள்ளைத் துணியையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்திருந்தார். தன் பங்குக்கு ஊற்றியதில் துணியின் முனையை நனைத்து, பாட்டில் தண்ணீரில் அலசினார். கேரளத்துப் பெண்மணி தன் கணவனின் கையைத் தொட்டுக் காட்டினாள். அருள்பிரகாசம் நிமிரவில்லை. கறை சரியாகவே விட்டது. ஆனால் துணி கையில் பிசுபிசுத்தது.

"தம்பி, இதுல சர்க்கரை சேக்குறீங்களா?"

"ஆமா சார். கொஞ்சம் ஸ்பிரிட்டும் உண்டு. அப்பதான் டூரிஸ்ட்டுக்குப் பிடிக்கும்."

"பூசைக்கு, தம்பி. பழத்த தவர வேற ஒண்ணும் சேக்கக் கூடாது."

தாமோதரன் ஒளிவு மறைவு இல்லாதவன். "அப்ப இது ஆகாது சார்" என்று சொல்லிவிட்டான். ஃப்ரெடி மட்டும் இடத்தை விட்டு நகர மனமில்லாமல், அருள்பிரகாசத்தின் பங்குக்கு ஊற்றியிருந்த ஆறு கிண்ணத்தையும் வீணாக்கக் கூடாது என்று முடித்துவைத்தார்.

இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி. தோட்டத்தின் நடுவே பழம் அடுக்கி அனுப்பும் பழைய ஷெட்டின் பாதியைத் தடுத்து, மூன்று எவர்சில்வர் தொட்டிகள் வைத்திருந்தார்கள். ருசி பார்க்கும் அறை என்பது ஒரு மேஜை, மேஜை விரிப்பாக ஒரு பிளாஸ்டிக் ஷீட், மூன்று கண்ணாடி டம்ளர், கீழே ஒரு நீல வாளி. ஃப்ரெடி ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை. பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அருள்பிரகாசம் இரண்டு முறை உலுக்கினார்.

"வுடு மாமு. எல்லாமே சூப்பரா கீது" என்றார் ஃப்ரெடி கண்ணைத் திறக்காமல்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவள் குணசுந்தரி என்ற பெண். முப்பது வயதிருக்கும். உணவுப் பதனம் படித்தவள். சித்தப்பாவின் தோட்டம், இவளுடைய யோசனை. சர்க்கரை இல்லை, சாயம் இல்லை, பழம் மட்டும்தான் என்று தொட்டி ஒவ்வொன்றையும் தட்டிச் சொன்னாள். அருள்பிரகாசம் துணியை அலசிப் பார்த்தார். மூன்று கறையும் கருநீலமாகி, இரண்டாவது தண்ணீரில் விட்டன. அவள் அதை ஆர்வத்தோடு குனிந்து பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாதே அண்ணே. நல்லா இருக்கே. ஆனா ருசியைத் துணி சொல்லாதுல்ல?"

"அதான்."

"வாயில வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"நான் வாயில வெக்கறதில்ல, மா."

அவள் காரணம் கேட்கவில்லை. அதுவே அவரைச் சொல்லவைத்தது. சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றார். பத்தொன்பது வருஷம் என்றார்.

"நானும் குடிக்க மாட்டேண்ணே" என்றாள் குணசுந்தரி. "எங்க வீட்டுல தெரிஞ்சா கொன்னு போட்ருவாக. தினமும் இருபது வாட்டி வாயில வச்சுத் துப்புறேன். தொண்டைக்கு ஒரு சொட்டு போனதில்ல. வாயைக் கொப்புளிக்கிற மாதிரிதான். குடிக்கிறதுங்கிறது முழுங்குறதுல்ல?"

அருள்பிரகாசம் யோசித்தார். சத்தியம் செய்த சொல் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. நாக்கில் படாது என்றுதான் சொல்லியிருந்தார், தொண்டைக்குப் போகாது என்று அல்ல. ஆனால் இவள் சொல்வதிலும் ஒரு நேர்மை இருந்தது. தவிர, அவர் இங்கே எதற்காக வந்திருக்கிறார்? புளித்ததைப் பீடத்தில் வைத்தவர் அவர். பார்த்தேன் என்று பொய் சொன்னவர் அவர். இப்போதும் பார்க்காமலே போய், நன்றாக இருக்கிறது என்றால், அது இரண்டாவது பொய். ஒரு சத்தியத்தைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பொய் சொல்வது? நாக்கில் பட்டுத் துப்பிவிட்டால் இரண்டையும் ஏறக்குறையக் காப்பாற்றிவிடலாம். களைத்த மனிதனுக்கு ஏறக்குறைய என்ற சொல் மிகவும் இதமானது.

"ஊத்துங்க" என்றார்.

அவள் முதல் டம்ளரில் ஒரு வாய் அளவுக்கு ஊற்றினாள். வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அவர் எடுத்து வாயில் விட்டுக்கொண்டார். துவர்ப்பு. அதன் பின்னால் பழத் தோலின் லேசான கசப்பு. புளிப்பு இருந்தது, ஆனால் கெட்ட புளிப்பு இல்லை. நன்றாக இருக்கிறது என்று தலை குறித்துக்கொண்டது. இனித் துப்ப வேண்டும். குனிந்தார். வாளியின் அடியில் அவளும் மற்றவர்களும் துப்பியது ஒரு விரற்கடை நின்றது. அதில் ஒரு ஈ செத்து மிதந்தது.

வாய் திறக்கவில்லை.

அது வெறும் ரசம் என்று அவருக்குத் தெரியும். எந்தச் சாமியாரும் இதன்மேல் எந்த மந்திரமும் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் கடைசிச் சொட்டு மண்ணில் விழும்வரை தட்டைக் கவிழ்த்து நின்றவரின் உடம்பு, வாய் நிறைய ரசத்தை எச்சிலாக ஒரு வாளியில் துப்ப மறுத்தது. கன்னம் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூச்சு முட்டியபோது அது தானாகவே உள்ளே போய்விட்டது.

"பரவாயில்லண்ணே" என்றாள் குணசுந்தரி. "முத வாட்டி எல்லாரும் முழுங்கத்தான் செய்வாக. குனிஞ்சதும் யோசிக்காமத் துப்பிருங்க. கல்யாண வீட்டுல வெத்தலையைத் துப்புற மாதிரி."

இரண்டாவதை ஊற்றினாள். இது முதலைவிட மென்மையாக இருந்தது. அவர் யோசிக்காமல் இருக்க முயன்றார். வெற்றிலை என்று நினைத்துக்கொண்டார். மண்டியிட்டு, வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அது ஜெபம் செய்வதைப்போல இருந்திருக்கும். உதட்டோரம் ஒரு துளி கசிந்தபோது, கை தானாகப் பையிலிருந்த துணியை எடுத்து அதை ஒற்றியது. மிச்சம் உள்ளே போனது.

எழுந்து நின்றார். வயிற்றில் இளஞ்சூடு பரவியது. அந்தச் சூட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷம் கழித்தும் முகவரி விசாரிக்காமல் நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இரவெல்லாம் பஸ்ஸில் நொந்த முதுகு லேசானது. அந்தப் பந்தல், மலை, பச்சை வெயில் எல்லாம் முதன்முறையாக அவருக்கு அழகாகத் தெரிந்தன.

மூன்றாவதை அவள் ஊற்றினாள். அவர் வாங்கி வாயில் விட்டுக்கொண்டார். குனியவில்லை. வாளியைப் பார்க்கவும் இல்லை. மெதுவாக, முழுசாக, ருசித்து விழுங்கினார்.

குணசுந்தரி அதைக் கவனித்தாளோ இல்லையோ, தெரியவில்லை. டம்ளர்களைக் கழுவ எடுத்தாள்.

"எது வேணும்ணே?"

"ரெண்டாவது."

"மூணாவதுதாண்ணே எல்லாருக்கும் பிடிக்கும். பழைய பழத்தோட்டத்துல பறிச்சது."

"அதனாலதாம்மா வோணாம்."

மாதிரிக்கு ஒரு பாட்டிலை, அவர் கொண்டுவந்திருந்த பிஷப் இல்லத்துக் கடிதத்தோடும் மது எடுத்துப் போகும் அனுமதிச் சீட்டோடும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். மிச்சம் பிறகு லாரியில் வரும். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை அருள்பிரகாசம் தன் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. ஃப்ரெடியின் மடியில் வைத்தார். தூங்கி எழுந்து தெளிந்திருந்த ஃப்ரெடி, கோயில் சாமான் என்பதால் அதைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்து வந்தார். மனிதர் வேடிக்கையானவர்தான். அன்று அவர் செய்த அந்த ஒரு காரியத்தைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அடைக்கலமேரி ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையுறையைப் பையில் திணித்தபடி முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா, பேயறைஞ்சாப்ல கீறே?"

"குடிச்சிட்டேன்."

பையைக் கீழே வைத்தாள். "எத்தினி?"

"மூணு."

"மூணு இன்னா? கிளாஸா, பாட்டிலா?"

"வாய்."

அவள் மூச்சு விட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தவருக்கு அந்த மூச்சு என்ன என்று புரியவில்லை.

"மூணு வாய்க்கா இந்த மூஞ்சி? சாமியார்தானே ருசி பாக்க அனுப்பிச்சார். நான் பயந்தே பூட்டேன்."

"இல்ல மேரி, கேளு. முத ரெண்டு, துப்பலாம்னுதான் பாத்தேன். முடியல. அது நெசமா முடியல." அவர் நிறுத்தினார். அந்த இடம்வரை சொல்வது எளிதாக இருந்தது. "மூணாவது துப்பணும்னே நெனைக்கல."

அடைக்கலமேரி வாசற்படியில் உட்கார்ந்தாள். முட்டி அப்படி உட்கார விடாது. இருந்தாலும் உட்கார்ந்தாள். மூன்று வாய் என்று கேட்டபோது நிம்மதியாக மூச்சு விட்டவள், இப்போது அவர் முகத்தையே பார்த்தாள். எண்ணிக்கை அவளை ஏமாற்றவில்லை. கடைசி ஒன்றுதான் விஷயம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் கடைசியில்.

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லாம சொன்னியே."

சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பார்த்தேன் என்றது பொய் என்றும் சொன்னார். வரிசையில் பின்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். சாமியார் பொறுமையாகத்தான் கேட்டார். பொய் தப்பு, ஆனால் ருசி பார்த்தது தப்பில்லை, நீங்கள் கடமையைத்தான் செய்தீர்கள், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். 'அருள் நிறைந்த மரியே' என்ற மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். அருள்பிரகாசம் முழந்தாளிட்டு மூன்றும் சொன்னார். மன்னிக்கப்பட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் சுமந்துகொண்டு போனது அதுவல்ல. சாமியாரால் நடந்ததை மன்னிக்க முடியும். நாளைக் காலை ஐந்து மணியை என்ன செய்ய முடியும்?

ஞாயிறு காலை புது பாட்டிலைத் திறந்தபோது அது தெரிந்தது. பத்தொன்பது வருஷம் அவர் ஊற்றியது ஒரு நிறம் மட்டும்தான். சிவப்பாக ஒரு தண்ணீர். இப்போது குப்பிக்குள் அது இறங்கும் சத்தத்திலேயே அவர் வாயில் எச்சில் ஊறியது. துவர்ப்பும், பழத்தோலும், அந்தச் சூடும் நாக்கில் வந்து நின்றன. அறையில் யாரும் இல்லை. பாட்டிலில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. மூடியைத் திருகி மூட அவருக்கு நீண்ட நேரம் பிடித்தது.

பூசை முடிந்து சாமியார் சிரித்தபடி வந்தார். "அருமையா இருக்கு பிரகாசம். நீங்க தேர்ந்தெடுத்ததுன்னா சும்மாவா?"

"சரி, ஃபாதர்" என்றார் அவர்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டைக் கழுவப் போனவளிடம் கேட்டார்.

"காலைல நான் ஊத்தறப்போ நீ வந்து நிப்பியா?"

"எங்க?"

"கோயில் பின்ரூம்ல."

"அஞ்சு மணிக்கா?"

"நாலே முக்கால்."

அடைக்கலமேரி தட்டைக் கழுவி முடித்தாள். துடைத்துக் கவிழ்த்தாள். பகலெல்லாம் நின்று இறால் உரிக்கிறவள். காலையில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் முட்டிக்குக் கிடைக்கும் ஓய்வு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"வேற யார்னா கேளேன். ஃப்ரெடிய கேளு."

"அவன் வந்தா ரெண்டு பேரும் குடிச்சிருவோம்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எத்தினி நாளைக்கு?"

"தெர்ல."

மறுநாள் நாலரை மணிக்கு இருவரும் நடந்தார்கள். மீன் ஏற்றப்போகும் வண்டிகள் தாண்டிப் போயின. அவள் முட்டிக்காக அவர் மெதுவாக நடந்தார். பின்னறையில் விளக்கைப் போட்டு, பீரோவைத் திறந்து, பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஊத்து" என்றாள்.

அவர் ஊற்றினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காததைப்போல ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவர் மூடியைத் திருகி, பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்குத்தான் என்னை எழுப்பிக் கூட்டியாந்தியா?" அவள் குனிந்து முட்டியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். "நாளைக்கு ஒரு ஸ்டூல் எட்த்துப் போடு. என்னால நிக்க முடியாது."